மதிலுக்கு அந்தப் பக்கம்

அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘மதிலுகள்’ படத்தில் நாராயணியின் முகம் ஒருமுறைகூட வராது. வைக்கம் முகம்மது பஷீர் சிறையில் இருக்கிறார். உயரமான மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறை. அங்கிருந்து ஒருத்தி பேசுகிறாள், சிரிக்கிறாள், ரோஜாச் செடி கேட்கிறாள். தான் வந்திருப்பதைச் சொல்ல ஒரு காய்ந்த குச்சியை மேலே வீசுகிறாள். குச்சி தெரியும், வீசிய கை தெரியாது. அந்தக் குரல் கே.பி.ஏ.சி. லலிதாவுடையது.

1990-இல் படம் வந்தபோது மலையாளிகளுக்கு அது நன்றாகப் பழகிய குரல். முகமே காட்டாத ஒருத்திக்கு எதற்கு எல்லாருக்கும் தெரிந்த குரல், புதுக்குரல் போட்டிருந்தால் மர்மம் கூடியிருக்குமே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பஷீர் ஏங்குவது மர்மத்துக்காக இல்லை. சிறைக்கு வெளியே விட்டுவந்த அன்றாடத்துக்காக. அடுக்களை, முற்றம், கிண்டல், பொய்க்கோபம். அந்த அன்றாடத்துக்கு மலையாள சினிமாவில் ஒரு குரல் உண்டென்றால் அது லலிதாவுடையதுதான்.

மலேசியாவில் வளர்ந்த எனக்கு மலையாளம் சப்டைட்டில் வழியாக வந்த மொழி. சப்டைட்டில் வாசிக்கிறவனின் கண் பாதி நேரம் திரையின் அடியிலேயே கிடக்கும். முகபாவம் தப்பிப்போகும், குரல் தப்பாது. அதனால்தானோ என்னவோ, லலிதாவை நான் முதலில் காதால்தான் தெரிந்துகொண்டேன். ‘அலைபாயுதே’யில் ஏற்கெனவே பார்த்த அம்மா இவர்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

1947-இல் பிறந்த அவருடைய இயற்பெயர் மகேஸ்வரி அம்மா. பெயருக்கு முன்னால் இருக்கும் கே.பி.ஏ.சி.யை இனிஷியல் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒரு நாடகக் குழு. கேரளா பீப்பிள்ஸ் ஆர்ட்ஸ் கிளப். ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகத்தை 1952 முதல் ஊர் ஊராகக் கொண்டுபோன இடதுசாரிக் குழு. அந்த நாடகத்தை எழுதிய தோப்பில் பாசிதான் மகேஸ்வரிக்கு லலிதா என்று பெயர் வைத்தார். 1969-இல் ‘கூட்டுக்குடும்பம்’ மூலம் சினிமாவுக்கு வந்தபோது குழுவின் பெயரும் கூடவே வந்தது. அப்பா பெயரோ ஊர்ப் பெயரோ நிற்கவேண்டிய இடத்தில் கடைசிவரை ஒரு நாடகக் குழு நின்றது.

அதன்பின் 500-க்கும் மேற்பட்ட படங்கள். அம்மா, மாமியார், பக்கத்து வீட்டுக்காரி, வேலைக்காரி. இன்னசென்ட்டோடு பல படங்களில் ஜோடி. ‘மணிச்சித்ரத்தாழ்’ படத்தின் பாசுரா ஞாபகம் இருக்கலாம். ‘சந்திரமுகி’ மட்டும் பார்த்தவர்களுக்குச் சொல்வதென்றால், வடிவேலுவின் மனைவியாக வருகிற பாத்திரம். இவர்கள் இருவரும் சண்டை போடும்போது, அந்தச் சண்டை காட்சிக்கு முன்னாடியே, ஏன் 20 வருசத்துக்கு முன்னாடியே தொடங்கிவிட்ட மாதிரி இருக்கும். நாம் நடுவில் வந்து ஒட்டுக்கேட்கிறோம், அவ்வளவுதான். கணவர் பரதன் இயக்கிய ‘அமரம்’ படத்தில் கடற்கரைப் பெண் பார்கவியாக வந்து தேசிய விருது வாங்கினார். 2000-இல் ஜெயராஜின் ‘சாந்தம்’ இரண்டாவது முறை வாங்கித் தந்தது. இரண்டுமே சிறந்த துணை நடிகைக்கான விருது. யாருக்குத் துணை என்று யோசித்தால், ஒரு வீட்டை வீடு மாதிரி காட்டும் வேலையைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்று படுகிறது.

பரதன் 1998-இல் இறந்தார். அடுத்த வருடமே சத்யன் அந்திக்காட்டின் ‘வீண்டும் சில வீட்டுகாரியங்ஙள்’ வழியாக லலிதா நடிக்கத் திரும்பினார். 2021-இல் நோய்வாய்ப்பட்டபோது சிகிச்சைச் செலவை அரசு ஏற்றது. நடிகைக்கு எதற்கு அரசுப் பணம் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். 500 படம் என்றால் 500 சம்பளம்தான், 500 நாயகச் சம்பளம் இல்லை என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை.

இதுவரை எழுதியது எளிது. இனிமேல்தான் சிக்கல்.

தன் வரலாறான ‘கத துடரும்’ நூலில், அக்காலத்தில் செல்வாக்கோடு இருந்த ஒரு நடிகர் தன்னிடம் தவறாக நடக்க முயன்றதையும், இணங்காததால் வாய்ப்புகள் போனதையும் லலிதா எழுதியிருக்கிறார். அந்தத் தலைமுறையில் இதை அச்சில் சொன்னவர்கள் அதிகமில்லை. ஆனால் 2017-இல் ஒரு நடிகை தாக்கப்பட்டு, அந்த வழக்கு நடிகர் சங்கத்தையே பிளந்தபோது, அதே லலிதா சங்கத்தின் பக்கம் போய் உட்கார்ந்தார். 2018 அக்டோபரில் செய்தியாளர்கள் முன், விலகிய நடிகைகள் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வரலாம் என்றார். அந்தச் சங்கத்தின் பெயர்ச்சுருக்கம் ‘அம்மா’.

வயதாகிவிட்டது, யாரோ சொல்லச் சொன்னார்கள் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. அந்தக் காணொளியைப் பார்த்தபோது குரல் ரொம்பப் பழகியதாக இருந்தது. வீட்டு விசயம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், சின்னவள்தானே இறங்கிப் போகணும் என்கிற குரல். நம் எல்லார் வீட்டிலும் ஒரு பெரியம்மா இதைச் சொல்லியிருப்பார். அவரும் ஒருகாலத்தில் யாரிடமோ அழுதவராகத்தான் இருந்திருப்பார். லலிதாவின் குரலில் நம் வீடுகள் அத்தனை உண்மையாக ஒலித்தன என்றால், வீடுகள் பெண்களை அடக்கும் விதமும் அதற்குள் இருக்கத்தானே செய்யும்? நாராயணியை வைத்துக்கொண்டு அன்றைய லலிதாவை மறந்துவிட என்னால் முடியவில்லை. அன்றைக்குச் சொன்னதை வைத்து ‘கத துடரும்’ எழுதிய பெண்ணைத் தள்ளவும் முடியவில்லை.

2022 பிப்ரவரி 22 அன்று திருப்பூணித்துறையில் அவர் காலமானார். மலையாளத் திரையுலகப் பெண்களின் நிலையை விசாரித்த ஹேமா குழு 2019 இறுதியிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. அது வெளியே வர 2024 ஆகஸ்ட் ஆனது. சாட்சி சொன்ன பெண்களின் பெயர்களை நீக்கித்தான் வெளியிட்டார்கள். பக்கம் பக்கமாக முகமில்லாத குரல்கள். லலிதா இருந்திருந்தால் அதில் எத்தனை குரல்களை அடையாளம் கண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன்.