இடைஞ்சலாக நின்ற காலம்

டோக்கியோவில் என்னென்ன பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் கை தானாக எழுதத் தொடங்கிவிடும். அசகுசாவின் சென்சோஜி கோயில், மெய்ஜி ஜிங்கு, 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ. அடுத்து ‘சுகிஜி மீன் சந்தை’ என்று எழுதிவிட்டு, அதை அடிப்பேன். 2018 அக்டோபர் 6-ஆம் தேதியோடு அந்த மொத்த வியாபாரச் சந்தை மூடப்பட்டுவிட்டது.

அந்தச் சந்தை இருந்தபோது நிஷிகசாயில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து குடியிருந்தோம். தோசாய் லைன் ரயிலை விட்டு இறங்கினால் தமிழும் தெலுங்கும் இந்தியும் காதில் விழுகிற பேட்டை. சுகிஜியில் சூரை மீன் ஏலம் பார்க்க வேண்டுமானால் முதல் ரயிலை நம்பிப் பயனில்லை. நாளொன்றுக்கு 120 பேருக்குத்தான் அனுமதி, முந்தியவர்களுக்கே இடம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டாக்ஸி பிடித்து, நடுநிசி தாண்டியதும் கச்சிதோகி வாசலில் போய் உட்காருவோம். மேலே மாட்டிக்கொள்ள ஒரு பளிச்சென்ற மேலங்கி கொடுப்பார்கள். வழியில் குறுக்கிடப்போகிறவர்கள் இவர்கள்தான் என்று எல்லோருக்கும் அறிவிக்கிற சட்டை.

உள்ளே உறைபனி பூத்த சூரை மீன்கள் வாலறுபட்டு வரிசையாகக் கிடக்கும். வியாபாரிகள் கையில் டார்ச்சும் கொக்கியுமாகக் குனிந்து, வால் பக்கத்துச் சதையைக் கிள்ளி விரலிடுக்கில் தேய்த்து எண்ணெய்ப் பதம் பார்ப்பார்கள். மணி அடிக்கும். ஏலம் விடுபவர் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று ராகம் போட ஆரம்பித்தால், எங்கே மூச்சு விடுகிறார் என்றே தெரியாது. எதிரில் விரல்கள் மட்டும் அசையும். விலை படிந்துவிடும். எங்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

ஏலத்தைவிட எனக்குப் பிடித்தது அதை ஒட்டியிருந்த மொத்த வியாபாரிகளின் சந்துகள்தான். பொதுமக்களை ஒன்பது மணிக்குப் பிறகுதான் விடுவார்கள். ஈரத் தரை, தலைக்கு மேல் குண்டு பல்புகள், ஆளுயரத்துக்குத் தெர்மோகோல் பெட்டிகள். ஒவ்வொரு கடையிலும் டிக்கெட் கவுண்டர் அளவில் ஒரு மரக்கூண்டு. அதற்குள் கணக்கெழுதும் அம்மா ஒருவர். வாள் நீளத்துக் கத்தியை இருவர் பிடித்து ஒரு சூரையை நெடுக அறுப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பின்னாலிருந்து ஹார்ன் சத்தம் வரும். ‘தாரே’ என்பார்கள் அந்த வண்டியை. பெட்ரோல் பீப்பாய்க்குச் சக்கரம் பூட்டியது போலிருக்கும். ஓட்டுபவர் நின்றபடியே அதை இருந்த இடத்தில் திருப்புவார். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். ஒரு அதட்டல் விழும். அந்த அதட்டலுக்காகவே மறுபடி போனோம் என்று இப்போது தோன்றுகிறது.

கட்டடமே வில் போல வளைந்திருக்கும். 1923 நிலநடுக்கத்தில் நிஹோன்பாஷியின் பழைய மீன் சந்தை அழிந்தபின் எழுந்து, 1935-இல் திறக்கப்பட்ட சந்தை இது. அன்று மீன் சரக்கு ரயிலில் வந்தது. நீளமான ரயில் அந்த இடத்துக்குள் அடங்க வேண்டுமே என்று நடைமேடையை வளைத்தார்கள். கூரையும் கூடவே வளைந்தது. பிற்பாடு லாரிகள் வந்தன, 1980-களில் ரயில் நின்றது, வளைவு மட்டும் மிஞ்சியது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், கின்சாவின் ஓரத்தில் நாகாகின் கோபுரம் இருந்தது. கட்டடக்கலைஞர் கிஷோ குரோகாவா 1972-இல் கட்டியது. வட்ட ஜன்னல் வைத்த 140 அறைகள். பழசானால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிது மாட்டலாம் என்பது அவர் கணக்கு. ஒன்றைக்கூட மாற்றவில்லை. மழைக்கறை வழிகிற அந்த ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தபடி சிம்பாஷி நிலையத்துக்கு நடப்போம். 2022-இல் அதையும் பிரித்துவிட்டார்கள். ஹராஜுகுவின் 1924-ஆம் ஆண்டு மர ரயில் நிலையம் 2020-இலேயே போய்விட்டது. அந்த நண்பர்களும் இன்று ஊருக்கு ஒருவராக இருக்கிறார்கள்.

இடித்துக் கட்டுவது ஜப்பானுக்குப் புதிதல்ல. இசே ஆலயத்தை இருபதாண்டுக்கு ஒருமுறை, முன்பிருந்த அதே அளவில், பக்கத்து மனையில் புதிதாக எழுப்புகிறார்கள், கடைசியாக 2013-இல். அங்கே மரம் மாறும், வடிவம் நிற்கும். சுகிஜிக்கு நேர்ந்தது நேர் எதிர். ஆட்கள், கத்திகள், தாரே வண்டிகள், மணி எல்லாம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம் தள்ளி டொயோசுவுக்குப் போயின, இடம்தான் போகவில்லை.

மாறியதற்குக் காரணம் இல்லாமலில்லை. பழைய சந்தை மூடிய கட்டடம் அல்ல. கோடை வெப்பம் மீனைத் தாக்கும், கூரையில் ஆஸ்பெஸ்டாஸ், எலிகள் வேறு. டொயோசுவில் குளிர்பதனம் உண்டு, சுத்தம் உண்டு. புது இடமும் அப்பழுக்கில்லாதது அல்ல. அது பழைய எரிவாயு ஆலை மனை. மண்ணில் பென்சீன் இருந்ததால் 2016-இல் குடியேற வேண்டியவர்கள் இரண்டாண்டு காத்திருந்தார்கள். அங்கு நடந்த முதல் புத்தாண்டு ஏலத்தில், 2019 ஜனவரியில், ஓமாவில் பிடித்த 278 கிலோ நீலத்துடுப்புச் சூரை 33.36 கோடி யென்னுக்குப் போனது. வியாபாரம் குறையவில்லை.

குறைந்தது நாங்கள் நின்ற இடம்தான். டொயோசுவில் பார்வையாளருக்கென்று தனி நடைபாதை, தனி மாடம், கண்ணாடி. குலுக்கலில் பெயர் வந்தால் ஏலக் குரல் கேட்கிற கீழ்த்தளத்து மேடை கிடைக்கும். எல்லாம் நமக்காக ஒழுங்கு செய்யப்பட்டது. சுகிஜியில் எதுவுமே நமக்காக இல்லை. ஊர் சாப்பிட வேண்டும் என்று ஒரு கூட்டம் இரவெல்லாம் உழைத்தது. அதன் காலடியில் நாம் கொஞ்ச நேரம் தட்டுப்பட்டோம், அவ்வளவே.

இப்போதும் போகிறவர்களிடம், இடம் மாறாமல் அங்கேயே இருக்கிற சுகிஜியின் வெளிச்சந்தையைச் சொல்கிறேன். சுடச்சுட முட்டைச் சுருள் கிடைக்கும். பக்கத்திலுள்ள நமியோகே ஆலயத்தில் சுஷிக்கும் முட்டைக்கும் நன்றி சொல்லி நட்ட கற்களையும் பார்க்கச் சொல்கிறேன். வேலை நடக்கும் இடத்தில் யாராவது “ஓரமா நில்லுங்க” என்று விரட்டினால் முகம் வாடாதீர்கள். பார்க்க வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.