முன் சீட்டு யாருக்கு?

திருப்பாச்சூரில் இருக்கும் அந்த வீட்டின் சமையலறையில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு மாதமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. இடது பக்கம் ‘பஞ்ச்’, வலது பக்கம் ‘எக்ஸ்டர்’. நடுவே நீளம், அகலம், டிக்கி, இன்ஜின் என்று வரிசையாகக் கோடு போட்டு எழுதியிருந்தது மருமகள். பள்ளிக்கூட டீச்சர், எதையும் அட்டவணை போட்டால்தான் அவருக்குத் திருப்தி. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் தன் பங்குக்கு அடியில் ‘சன்ரூஃப்’ என்று எழுதி மூன்று கோடு இழுத்திருந்தாள்.

அந்த வீட்டில் ஐந்து பேர். காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் மகன், டீச்சர் மருமகள், பேத்தி, தாத்தா, ஆயா. இத்தனை வருடமாக இரண்டு பைக்கிலேயே குடும்பம் ஓடிவிட்டது. ஓடாமல் நின்றது ஒரே ஒரு ராத்திரி.

2023 டிசம்பர் தொடக்கம், மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர். ஆயாவுக்குத் திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் டாக்ஸி எதுவும் வரவில்லை. கடைசியில் நாலு வீடு தள்ளி காய்கறி வியாபாரம் செய்பவர் தன் குட்டி யானையை எடுத்து வந்தார். டிரைவர் பக்கத்தில் ஆயா. பின்னால் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மகனும் தாத்தாவும். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்த பிறகுதான் ஆயாவுக்கு முகம் தெளிந்தது. அப்போதும் அவர் சொன்னது, “பாவம், அந்தத் தம்பிக்கு டீசல் காசு குடுத்துடுப்பா.”

மகன் அடுத்த மாதமே வங்கியில் மாதச் சேமிப்புக் கணக்கு ஒன்றை ஆரம்பித்தான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி குறைந்தது. அதுவரை 28 சதவீத வரியும் அதற்கு மேல் 1 சதவீத செஸ்ஸும் இருந்த பெட்ரோல் கார்களுக்கு இனி 18 சதவீதம்தான். வரி முழுதாகக் குறைந்தால் ஷோரூம் விலையில் எட்டரை சதவீதம் போல மிச்சம் என்று மருமகள் கணக்குப் போட்டார். இரவு சாப்பாட்டின்போது மகன் மெதுவாகச் சொன்னான்: “இந்த தீபாவளிக்குப் பார்த்துடலாமா?”

உடனே எல்லோரும் திரும்பியது தாத்தாவைப் பார்த்துத்தான். காரணம் உண்டு. திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார் 1998 முதல் தயாரானபோது, கதவு பொருத்தும் பகுதியில் நின்றவர் அவர். கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலை ஓட்டியே சொல்லிவிடுவார். அந்தக் கையால் எத்தனையோ கார்கள் போயின. ஒன்றுகூட அவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை. “காருக்குக் கதவு போட்டேன். முன் சீட்டுல உட்கார்ந்து ஊருக்குப் போனதில்ல” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அது வெறும் சிரிப்பு இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“எஸ்.யூ.வி-ங்கிறாங்களே தாத்தா, ஜீப் மாதிரியா?” என்றாள் பேத்தி.

“ஜீப்புன்னா அடியில தனியா சேசிஸ் இருக்கும். அது மேல பாடியைத் தூக்கி வெப்பாங்க. இது ரெண்டுக்கும் அப்படியில்ல, பாடியே சேசிஸ். பஞ்ச்சுக்கு அடித்தளம் ஆல்ட்ரோஸோடது. எக்ஸ்டருக்கு கிராண்ட் ஐ10 நியோஸோடது. ரெண்டும் முன் சக்கரம் இழுக்கிற வண்டி. ஜீப் சட்டை போட்ட சின்ன கார்னு வெச்சுக்கோ.”

“அப்போ ஏமாத்தா?”

“இல்லம்மா. அந்தச் சட்டையில ஒரு லாபம் இருக்கு. சீட்டு உயரம். தாழ்வான கார்ல ஆயா கீழே இறங்கி உட்காரணும், எந்திரிக்க முடியாது. பெரிய ஜீப்புன்னா ஏறணும், முட்டி விடாது. இது இடுப்பு உயரத்துல இருக்கும். அப்படியே உட்காரலாம்.”

இரண்டு காரும் ஏன் கிட்டத்தட்ட ஒரே நீளம் என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி-க்குள் இருந்தால்தான் குறைந்த வரி. அதனால் கம்பெனிகள் அந்தக் கோட்டுக்குள்ளேயே வண்டியை வரைகின்றன. பஞ்ச் 3,827 மி.மீ, எக்ஸ்டர் 3,815 மி.மீ. இரண்டிலும் 1.2 லிட்டர் இன்ஜின். பஞ்ச்சுக்கு மூன்று சிலிண்டர், எக்ஸ்டருக்கு நான்கு. டிக்கி 366 லிட்டர், 391 லிட்டர். மகன் ரொம்பப் பெரிதாக நினைத்த விஷயம் தரையிலிருந்து வண்டியின் உயரம். 187 மி.மீ, 185 மி.மீ.

“பஞ்ச்தான்பா உயரம்” என்றான்.

தாத்தா தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து மேஜை மேல் வைத்தார். “இவ்வளவுதான் வித்தியாசம். இதை நம்பித் தண்ணியில இறங்காத. வேகத்தடையில அடி தட்டாது, அதுக்குத்தான் அந்த உயரம். தண்ணி காத்துக்குழாய் வழியா இன்ஜினுக்குள்ள போச்சுன்னா எந்த வண்டியும் நின்னுடும். நின்னப்புறம் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா இன்ஜினே போச்சு. இன்ஷூரன்ஸ் போடறப்ப இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியா சேர்த்துக்க.”

அந்த டிசம்பர் ராத்திரி எல்லோர் மனதிலும் ஒருமுறை வந்து போனது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஷோரூமுக்கு ஐந்து பேரும் போனார்கள். “டெஸ்ட் டிரைவுக்கு ரெண்டு பேர் வந்தா போதும் சார்” என்றார் விற்பனைப் பையன். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. “அஞ்சு பேரு போற வண்டியை அஞ்சு பேரை ஏத்தித்தானே தம்பி பார்க்கணும்? ஏ.சி-யும் போடு. மேம்பாலத்துல ஏத்திப் பார்ப்போம்.”

பஞ்ச்சின் கதவுகள் 90 டிகிரி திறக்கும். சுவரோடு ஒட்டிய ஜன்னல் கதவு போல அகலமாகத் திறந்துகொண்டது பின்கதவு. மூட்டு தேய்ந்த ஆயா, ஒரு கையால் மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரமமே இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். “நம்ம வீட்டுத் திண்ணை மாதிரி இருக்குப்பா” என்றார். மகனுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. 2021-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம் வாங்கிய வண்டி. 2024-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார். தாத்தாவும் கதவை இரண்டு முறை சாத்திப் பார்த்து, “கனமா இருக்கு, நல்லாயிருக்கு” என்றார்.

மதியம் அடுத்த ஷோரூம். எக்ஸ்டர், இதே மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் வண்டி. நான்கு சிலிண்டர் இன்ஜின் ஓடுவதே தெரியவில்லை. தாத்தா பானட் மேல் கை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் பின்கதவு வழக்கமான கார்களைப் போலத்தான் திறந்தது. ஆயா காலைத் தூக்கி உள்ளே வைக்கும்போது முட்டி இடித்தது. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றார். முகம் சுருங்கியதை மகன் பார்த்துவிட்டான்.

“முடிஞ்சுது. பஞ்ச்தான்” என்றான் வெளியே வந்ததும்.

மருமகள் அப்போது எதுவும் சொல்லவில்லை. இரவு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “ஏங்க, அந்தப் பையன் சொன்னதைக் கவனிச்சீங்களா? எக்ஸ்டர்ல ஆரம்ப மாடல்லயே ஆறு ஏர்பேக். அஞ்சு சீட்டுக்கும் தோளோட சேர்த்துப் போடற பெல்ட். இதுல முன்னாடி ரெண்டு ஏர்பேக்தான். பக்கவாட்டுல மோதினா பின்னாடி உட்கார்ற பாப்பா தலைக்கு என்ன இருக்கு?”

“அஞ்சு ஸ்டார் வாங்கின வண்டிம்மா அது.”

“ஸ்டார் வேற, ஏர்பேக் வேற. பாடி நசுங்காம இருக்கறது ஒண்ணு. தலை இடிக்காம இருக்கறது ஒண்ணு. ரெண்டையும் ஒரே தராசுல எப்படிங்க வைக்கறது?”

ஒரு பக்கம் அம்மாவின் முட்டி. இன்னொரு பக்கம் மகளின் தலை. மகனால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் அந்த வீட்டில் கார் பேச்சே எழவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஆயா மோடாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தானாகவே ஆரம்பித்தார். “எனக்காக அந்தப் புள்ள பாதுகாப்பை விட்டுடாதீங்க. பிசியோதெரபி பொண்ணு சொல்லிக் குடுத்திருக்கா. காலை முதல்ல வைக்கக் கூடாதாம். முதுகைத் திருப்பி முதல்ல உட்காரணும். அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ள திருப்பணும். அன்னைக்குப் பதட்டத்துல மறந்துட்டேன்.”

“பின்சீட்டுல அப்படித் திரும்ப இடம் பத்தாதேம்மா” என்றான் மகன்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா தலையைத் தூக்காமல் சொன்னார். “முன்சீட்டுல பத்தும். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கலாம்.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“நீங்க?” என்றார் ஆயா.

“நான் பின்னாடி பாப்பாவோட உட்கார்ந்துக்கறேன். அவளுக்கும் பேச ஆள் வேணுமில்ல?”

அன்று மாலையே திரும்பப் போய்ப் பார்த்தார்கள். முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, ஆயா முதுகைத் திருப்பி உட்கார்ந்து காலைத் திருப்பினார். முட்டி எங்கும் படவில்லை. பஞ்ச் மோசம் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. பின்சீட்டில் பெரியவர்கள் ஏறி இறங்கும் வீட்டுக்கு அந்த அகலக் கதவு ஒரு வரம். இந்த வீட்டுக்கு, கதவுப் பிரச்னை தீர்ந்த பிறகு ஏர்பேக் கணக்கு மட்டும் மிச்சம் இருந்தது. எக்ஸ்டர் என்று முடிவானது.

பிறகு பணம். ஷோரூம் விலை என்பது பாதி உண்மைதான். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுட்கால வரியே 13 சதவீதம். அதன் மேல் மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்ததும் மகன் ஏழு வருடக் கடன் என்றான். மருமகள் கணக்குப் போட்டுக் காட்டினார். 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி. ஏழு வருடம் என்றால் மாதம் 9,650 ரூபாய் போல, வட்டி மட்டும் 2.11 லட்சம். ஐந்து வருடம் என்றால் மாதம் 12,455, வட்டி 1.47 லட்சம். “மாசம் 2,800 கூடக் கட்டினா 64,000 மிச்சம்” என்றார். ஐந்து வருடம் என்று முடிவு செய்தார்கள். மாதத் தவணை கைக்கு அடங்க, ஒரு படி கீழே இருக்கும் மாடலை எடுத்தார்கள். அந்த மாடலில் சன்ரூஃப் இல்லை. பேத்தி ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் சரியாகிவிட்டாள்.

வண்டி வந்த அன்று முதலில் வாசீஸ்வரர் கோயில். ஊருக்குப் பெயர் தந்த ‘பாசு’ என்றால் மூங்கில் என்பதை தாத்தா நூறாவது முறையாகச் சொல்ல, பேத்தி நூறாவது முறையாக “தெரியும் தாத்தா” என்றாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, குருக்கள் கற்பூரம் காட்டினார்.

புறப்படும்போது ஆயா முதுகைத் திருப்பி உட்கார்ந்து, காலைத் திருப்பி, பெல்ட் போட்டுக்கொண்டார். தாத்தா வெளியே நின்று அந்தக் கதவின் இடைவெளியில் மேலிருந்து கீழாக ஒருமுறை விரலை ஓட்டினார். பிறகு மெதுவாகச் சாத்திவிட்டு, பின்பக்கம் போய் ஏறிக்கொண்டார்.

“எங்க போகலாம்பா?” என்றான் மகன்.

ஆயா முந்திக்கொண்டார். “அந்தக் குட்டி யானைக்காரத் தம்பி வீட்டுக்கு முதல்ல போ. ஸ்வீட் குடுத்துட்டு வரலாம்.”