மிடுக்கும் திமிரும்

சில ஆண்டுகளுக்கு முன், நெல்லியாளம் பகுதியில் நடந்த ஒரு பங்குக் கூட்டத்தில் நாம் விருந்தினராய் அமர்ந்திருந்தோம். திருவிழாக் கணக்கு வாசிக்கப்பட்டது. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கைகளோடு, பின்வரிசையிலிருந்து மூதாட்டி ஒருவர் எழுந்தார். தலை நிமிர்ந்திருந்தது, முகத்தில் சிரிப்பிருந்தது. "பந்தல் செலவை இன்னொரு தடவை வாசிங்க சாமி. எங்க காசும் அதுல இருக்குல்ல?" என்றார்.

"என்ன திமிர்!" என்று அருகிலிருந்த உபதேசியாரிடம் முணுமுணுத்தோம். அவர் மெல்லக் கேட்டார்: "இதையே தோட்டத்துத் துரை கேட்டிருந்தால், என்ன மிடுக்கு என்றிருப்பீர்கள், இல்லையா?"

நம்மிடம் விடை இல்லை.

மிடுக்கு என்பதற்கு வலிமை என்பது பழைய பொருள். இன்று, தயக்கமற்ற, மலர்ச்சி மிகுந்த தோற்றத்தையும் நடையையும் அச்சொல்லால் குறிக்கிறோம். ஆனால் யாருக்கு அதைச் சூட்டுகிறோம்? அதிகாரியின் நடை மிடுக்கு. கூலித்தொழிலாளியின் அதே நடை திமிர். தொல்காப்பியம் பெருமிதத்திற்குக் கூறும் நிலைக்களன்கள் நான்கே: கல்வி, தறுகண், இசைமை, கொடை. தறுகண் என்பது அஞ்சாமை. செல்வமும் பதவியும் அப்பட்டியலில் இல்லை.

அம்மூதாட்டி இலங்கையிலிருந்து வந்தவர் என்று உபதேசியார் பின்னர்ச் சொன்னார். மலையகத் தமிழருட் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964-இல் சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோர்க்கு வாழ்வளிக்கவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அங்கே இந்தியர் எனப்பட்டவர்கள், இங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள். இரு நாடுகளும் அந்நியராய் எண்ணிய ஒருவர் தலைநிமிர்ந்து பேசுகிறாரென்றால், அந்த வலிமை எங்கிருந்து வந்தது?

நம் அன்னை மரியாவும் ஒரு மலைநாட்டுக்கு விரைந்து நடந்தவரே. எலிசபெத்தின் இல்லத்தில் தமது தாழ்நிலையை ஒப்புக்கொண்ட அவரே, தலைமுறைகளெல்லாம் தம்மைப் போற்றும் என்றும் தயங்காது உரைத்தார். அதை நாம் திமிர் என்பதில்லை. திருச்சபை நாள்தோறும் மாலைப் புகழில் அதைப் பாடுகிறது. தாழ்ச்சி என்பது கூனிக் குறுகுவதன்று. இறைவன் தன்னைக் கண்ணோக்கினார் என்று அறிந்த உள்ளம் நிமிர்ந்தே நிற்கும். செருக்கு பிறரைத் தாழ்த்தித் தான் உயரும். மிடுக்கோ எவரையும் தாழ்த்தாமல் நிமிரும்.

அன்று பந்தல் செலவு மறுபடி வாசிக்கப்பட்டது. மூதாட்டி நன்றி கூறி அமர்ந்தார். கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தவரும் அவரே. "குடிங்க ஐயா, நம்ம மலைத் தேயிலை" என்று சிரித்தபடி நீட்டினார். வாங்கிக்கொண்ட நமக்குத்தான் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க இயலவில்லை.

அன்பர்களே, எளியவர் ஒருவர் நம்முன் நிமிர்ந்து பேசும்போது நம் நாவில் முதலில் எழும் சொல் எது? நம் உள்ளத்தை ஆய்ந்தறிய அந்த ஒரு சொல்லே போதும்.