பிழை யாருடையது, பணம் யாருடையது?

நமது ஊர்ப் பள்ளிவாசல்களின் முற்றங்கள் ஒரு காலத்தில் சைக்கிள்களுக்கென்றே அளந்து விட்டவை போலிருந்தன. இப்போது ஜும்ஆ நாளில் வேன், கார், மோட்டார் சைக்கிள், ஓட்டோ என்று முற்றம் நிறைந்துவிடுகிறது. தொழுகை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் வெளியேற வேண்டும். குத்பாவில் பொறுமையைப் பற்றிக் கேட்ட அதே காதுகள் பத்து நிமிடத்துக்குள் ஹோர்ன் சத்தத்தையும் கேட்கின்றன.

அப்படியொரு வெள்ளிக்கிழமை, 2023இல், எங்கள் பள்ளி முற்றத்தில் ஒரு சிறு மோதல் நடந்தது. வரிசையில் நின்ற தனது வேனை ஹாஜியார் ஒருவர் பின்னோக்கி எடுத்தார். அதே வேளை, ‘வெளியேறும் வழி’ என்று எழுதியிருந்த பக்கத்தால் ஓர் ஓட்டோ உள்ளே வந்தது. வேனின் பின் பம்பர் ஓட்டோவின் முன் மட்கார்ட்டில் பட்டு, ஹெட் லைட்டும் உடைந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நான் இரண்டையும் கண்டேன். ஹாஜியார் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டோ வரக்கூடாத வழியால், சற்று வேகமாகவே வந்தது.

ஓட்டோக்காரன் என்னிடம் படித்த பொடியன். வண்டி லீசிங்கில் எடுத்தது. 2022இல் ரூபாய் சரிந்த பிறகு உதிரிப்பாகங்களின் விலை எங்கே போய் நின்றதென்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்துக் கராஜ்காரர் பார்த்துவிட்டு 18,000 ரூபா என்றார். பொடியனிடம் இருந்தது மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும்தான். அது அவனால் பிறருக்கு வரும் பாதிப்புக்கானது. அவனது வண்டியைத் திருத்த ஒரு சதமும் தராது. ஹாஜியாரிடமோ முழுக் காப்புறுதி இருந்தது.

இது தெரிந்தவுடனேயே சுற்றி நின்றவர்கள் தீர்ப்பை எழுதிவிட்டார்கள்.

“ஹாஜியார், முழுக்க உங்கட பிழையெண்டு சொல்லிப்போடுங்க. ஓட்டோ சும்மா நிண்டதெண்டு சொல்லுங்க. ரெண்டு வண்டிக்கும் கொம்பனி குடுக்கும்.”

“மாஸ்டரும் கண்டவர்தானே. அவர் சொன்னா கொம்பனிக்காரன் நம்புவான்.”

“இதில நம்மட சல்லியா போகப்போகுது?”

பொடியன் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்: “சேர், நீங்க ஒரு சொல் சொன்னாப் போதும்.”

“கண்டதத்தான் மனே சொல்லேலும்” என்றேன். அவன் முகம் மாறியது. நான் ஏழைக்கு எதிராகப் பேசுகிறேன் என்று ஒருவர் உரக்கவே சொன்னார்.

யோசித்துப் பார்த்தால், அங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழைக்கப்பட்டிருந்தன. பிழை யாருடையது என்பது ஒன்று. நட்டத்தை யார் தாங்க முடியும் என்பது மற்றது. இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த வசதியான விடையை முதற் கேள்விக்கும் விடையாக்கிவிட்டார்கள். எவரிடம் பெரிய காப்புறுதி இருக்கிறதோ, அவரே பிழைகாரர்!

நமது மார்க்கம் இவற்றை வெவ்வேறாகவே பார்க்கிறது. பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகை ஒரு தோட்டத்தில் புகுந்து சேதம் விளைவித்தபோது நபி (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு. இரவில் கால்நடை செய்யும் சேதம் கால்நடைக்காரரின் பொறுப்பு. எவர் பணக்காரர் என்று அங்கே கேட்கப்படவில்லை. அந்த நேரத்தில் கவனமாயிருக்க வேண்டியவர் எவர் என்பதே கேள்வி. பின்னோக்கி எடுப்பவர் பார்த்து எடுக்க வேண்டும். உள்ளே வருபவர் உரிய வழியால் வர வேண்டும். அன்று இருவருமே தவறியிருந்தார்கள்.

நாட்டின் சட்டமும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நட்டமடைந்தவரிடமும் பிழை இருந்தால் அவரது பங்குக்கேற்ப நட்டஈட்டைக் குறைக்கலாம். ஆக, ஒருவர் மட்டுமே குற்றவாளியாக இருக்க வேண்டுமென்ற அவசியமில்லை. இன்னொன்றும் உண்டு. கம்பனியின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை வாகனக் காப்புறுதி ஒப்பந்தங்களில் வழமையாகவே இருக்கிறது. ஹாஜியார் பெருந்தன்மையோடு சொல்லப்போன ஒரு பொய், அவருடைய உரிமையையே கெடுத்திருக்கக்கூடும்.

கம்பனியின் பணம் யாருடையது? கட்டுப்பணம் செலுத்தும் ஆயிரக்கணக்கானோர் சேர்த்தது. தகாபுல் என்றால் இது இன்னும் வெளிச்சம். ஒருவரது கஷ்டத்தில் மற்றவர் உதவுவதற்கென்று நன்கொடையாக வைத்த நிதி அது. அதில் பொய் சொல்லி எடுப்பது, முகம் தெரியாத பலரின் அமானிதத்தில் கைவைப்பதல்லவா?

கம்பனியிலிருந்து வந்தவரிடம் நான் கண்டதைக் கண்டபடி சொன்னேன். அவர் படம் பிடித்து, அந்த அறிவிப்புப் பலகையையும் சேர்த்துக் குறித்துக்கொண்டார். முடிவில் ஓட்டோவின் செலவில் பாதியைக் கம்பனி ஏற்றது. மீதி 9,000 ரூபா பொடியனின் தலையில் விழுந்தது.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் நான் ஒரு யோசனை சொன்னேன். ஆளுக்கு 100 ரூபா போட்டால் 90 பேரோடு முடிந்துவிடும், ஸதகாவாகவும் ஆகும். முந்திய வாரம் கம்பனிப் பணத்தை அள்ளிக் கொடுக்க நின்றவர்களில் ஒருவர், “அவன்ட பிழைக்கு நாம ஏன் குடுக்கோணும் மாஸ்டர்?” என்று கேட்டார். ஒரு கிழமைக்குள் பொடியனுக்கு அந்தப் பிழை திரும்பக் கிடைத்துவிட்டது! என்னோடு சேர்த்து 23 பேர் கொடுத்தார்கள். ஹாஜியார் தனியாக 5,000 ரூபா கொடுத்ததைப் பிறகுதான் அறிந்தேன். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரக்கம் காட்டுவதற்கு அவருக்குப் பொய் தேவைப்படவில்லை. தன் சட்டைப்பையே போதுமாயிருந்தது. இதைத்தான் பொடியனுக்கும் சொல்லிக் கொடுக்க விரும்பினேன். அவனோ சில மாதங்கள் என்னைக் கண்டால் ஓட்டோவை நிறுத்தாமலே போனான். அவனைக் கோபிக்க முடியாது. 1,700 ரூபா அவனுக்குக் கடனாகவே இருந்தது. என்னுடைய சாட்சியம் எனக்கு எந்தச் செலவும் வைக்கவில்லை.

பள்ளி நிர்வாகம் இப்போது வெள்ளிக்கிழமைகளில் வாசலில் இரண்டு இளைஞர்களை நிறுத்தி வாகனங்களுக்கு வழிகாட்டுகிறது. அறிவிப்புப் பலகைக்கும் புதிதாக வர்ணம் பூசியிருக்கிறார்கள்.