வழுவும் செப்பும்

குற்றமற்ற இணையப் பக்கம் ஒன்றை ஆக்கிவிட்டோம் என்னும் செருக்கு எம்மிடத்துச் சின்னாள் குடிகொண்டிருந்தது. அஃது எங்ஙனம் எழுந்தது, எங்ஙனம் அழிந்தது என்பதனை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். கணிப்பொறி பயிலும் அன்பர்க்கு இது சிறு செய்தியாகலாம். தமிழ் பயிலும் எமக்கோ பெரும்பாடமாயிற்று.

சென்ற ஆண்டு எம் தமிழ்ச் சங்கத்தார் கட்டுரைப் போட்டி ஒன்று நிகழ்த்தினர். அதற்குப் பெயர் பதியும் பக்கத்தை அமைக்கும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. 2004ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டினராகிய டேவிட் ஹைன்மையர் ஹான்சன் வெளியிட்ட ரெயில்ஸ் என்னும் சட்டகத்தைக் கைக்கொண்டோம். இத்தகைய சட்டகங்களில் பக்கம் முழுவதையும் நாமே எழுதுவதில்லை. ‘இங்கே பெயருக்கு ஒரு கட்டம்’ எனச் சுருங்கக் குறித்தால், அதற்குரிய எச்.டி.எம்.எல். குறிகளைச் சட்டகமே ஆக்கித் தரும். பயன்படுத்துவோர் பிழைபட எழுதினால், அப்பிழையுற்ற கட்டத்தைத் தனியே குறித்தும் காட்டும்.

எச்.டி.எம்.எல். மொழிக்கும் இலக்கணம் உண்டு. எக்குறியினுள் எக்குறி அடங்கும், எஃது அடங்காது என்பதற்கு விதிகள் உள. பத்தியைக் குறிக்கும் ‘பீ’ என்னும் குறியினுள், பகுதியைக் குறிக்கும் ‘டிவ்’ அடங்காது என்பது அவற்றுள் ஒன்று. ஒரு பக்கம் விதிப்படி அமைந்துளதா என ஆராய்ந்து கூறும் சோதனைக் கருவியை உலகளாவிய வலைச் சங்கத்தார் யாவர்க்கும் பொதுவாக வைத்துள்ளனர். எம் பக்கத்தை அதனிடம் காட்டினோம். வழு ஒன்றும் இல்லை என அது மொழிந்தது. எம் செருக்கிற்கு வித்து அதுவே.

பெயர் பதியும் இறுதிநாள் கழிந்த பின்னர், முதுகலை வகுப்பில் இரண்டாம் ஆண்டு பயிலும் அண்ணன் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். அவர் விழிப்புலன் இழந்தவர். ஆஸ்திரேலியர் ஒருவர் 2006ஆம் ஆண்டில் தொடங்கி, இன்றும் விலையின்றி வழங்கப்பெறும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானின் துணைகொண்டு கணிப்பொறியைக் கையாள்பவர்.

“தம்பி, மூன்று முறை பெயரைப் பதிந்தேன். பட்டியலில் என் பெயர் இல்லை என்கிறார்களே?” என்றார்.

“பக்கம் என்ன கூறிற்று, அண்ணா?” என வினவினோம்.

“ஒன்றும் கூறவில்லை. பொத்தானை அழுத்தியதும் தலைப்பை மறுபடியும் படித்தது. பதிவு முடிந்தது என்றே எண்ணினேன்” என்றார்.

உடனே யாமே பக்கத்தைத் திறந்து, அவர் எழுதியவாறே கைப்பேசி எண்ணை இடைவெளி விட்டு எழுதி அனுப்பினோம். இடைவெளியை எம் நிரல் ஏற்கவில்லை. கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஒன்று தோன்றிற்று. அவ்வளவே! ஒரு சொல்லும் இல்லை. காண்பார்க்கு அக்கோடு போதும். கேட்பார்க்கு அஃது இல்லாத பொருளே.

பிழை தோன்றிய அப்பக்கத்தைச் சோதனைக் கருவியிடம் அப்பொழுதுதான் முதன்முறையாகக் காட்டினோம். அது வழுக் கூறிற்று! பிழையுற்ற கட்டத்தை ரெயில்ஸ் ஒரு ‘டிவ்’ குறியால் சூழ்வது இயல்பு. யாமோ ஒவ்வொரு கட்டத்தையும் ‘பீ’ குறியினுள் வைத்திருந்தோம். ‘டிவ்’ வந்தவுடன் உலாவி ‘பீ’யைத் தானே முடித்துவிடும், பின்னர் வரும் முடிவுக்குறியை வெறும் பத்தியாக்கிவிடும். குற்றமுள்ள பக்கத்தையும் எவ்வாறு கொள்வது என 2014ஆம் ஆண்டு அக்டோபரில் உறுதிசெய்யப்பெற்ற எச்.டி.எம்.எல். 5 விதித்துள்ளது. நம் இலக்கண நூலார் கூறும் வழுவமைதியை இஃது ஒருவாறு ஒக்கும். அதனால் எம் வழு எம் கண்ணுக்குப் புலப்படவில்லை.

அண்ணன் இடர்ப்பட்டது இந்தக் குறிவழுவினால் அன்று. சொல்லற்ற சிவப்புக் கோட்டினால். ஆயினும் இரண்டும் ஒரே இடத்தில் ஒளிந்திருந்தன. அவ்விடம் யாம் ஒருகாலும் பாராத பிழைப்பக்கம். எல்லாம் நன்றாய் முடியும் பக்கத்தை மட்டுமே யாம் சோதித்திருந்தோம். பயன்படுத்துவோர்க்கு உதவி மிக வேண்டுவது மற்றைப் பக்கத்திலன்றோ?

குறிவழுவை நீக்கியபின் சோதனைக் கருவி மீண்டும் குற்றமில்லை என்றது. சிவப்புக் கோடோ ஊமையாகவே நின்றது! வழு எழுவகை என்பர் உரையாசிரியர். அவற்றுள் செப்பு வழு என்பது வினாவிற்கு ஏலாத விடை. எம் பக்கத்தின் குற்றம் அவ்வகையினது. அதனை அறியும் திறம் கருவிக்கு இல்லை. மனிதனே அறிதல் வேண்டும்.

பின்னர்த் திருத்தினோம். எண்ணிடை இடைவெளியை நிரலே நீக்குமாறு செய்தோம். அது பயன்படுத்துவோர் குற்றம் அன்று. பிழை இன்னது என்பதைக் கட்டத்தின்கீழ்ச் சொற்களால் எழுதி, திரைவாசிப்பான் அதனைக் கட்டத்தோடு சேர்த்துப் படிக்குமாறு ‘ஏரியா’ பண்புகளால் பிணைத்தோம். பிழைப்பக்கத்தின் தலைப்பு ‘பிழை’ என்னும் சொல்லோடு தொடங்குமாறு அமைத்தோம். நிறம் ஒன்றனாலேயே செய்தி உணர்த்தலாகாது, பிழையைச் சொல்லால் விளக்குக என 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த வலை அணுகல் நெறிகள் முன்னரே கூறியுள்ளன. யாம் அவற்றைப் படித்திலோம்.

திருத்திய பக்கத்தை அண்ணன் செவியால் சோதித்து, “இப்பொழுது விளங்குகிறது” என்றார். ஆயின் போட்டி முடிந்துவிட்டது. அஃது அவருக்கு இறுதியாண்டு. அவர் எழுதி வைத்திருந்த கட்டுரையை நடுவர் எவரும் படித்திலர். குருடர் வழியில் இடறலை வைப்பதை விலக்கும் கட்டளை லேவியராகமத்தில் உண்டு. அதனைச் சிறுவயதிலேயே ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்றோம். அறியாமல் வைத்ததும் இடறலே என்பதை இப்பொழுதே உணர்ந்தோம்.

ஆகவே, பக்கம் ஆக்கும் நண்பர்களை ஒன்று வேண்டுகின்றோம். உங்கள் படிவத்தில் நீங்களே வேண்டுமென்று பிழைபட எழுதி அனுப்புங்கள். வந்த பக்கத்தைச் சோதனைக் கருவியிடம் காட்டுங்கள். பின்னர்க் கண்ணை மூடிக்கொண்டு, அது கூறுவது யாதெனத் திரைவாசிப்பானின் வாயிலாகக் கேளுங்கள்.