ஒப்புக்குச் சப்பாணி ஆடுகிற தெரு

காலை ஆறரை மணிக்கு புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்தில் மூன்று வகை ஆட்கள் இருந்தார்கள். சர்க்கரைக்காக நடக்கிறவர்கள், போலீஸ் வேலைத் தேர்வுக்காக ஓடுகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிவந்து ஓரமாக நிற்கிற பெற்றோர்கள். நான் பார்க்கப் போனது மூன்றாவது கூட்டத்தை.

அப்பா ஒருவர் நாலு வயதுப் பையனோடு வந்திருந்தார். பையனுக்கு ஷூ, முழங்கால் பட்டை, தொப்பி என்று எல்லாம் புதுசு. எந்த விளையாட்டில் சேர்த்தால் நன்றாக வருவான் என்று பயிற்சியாளரிடம் கேட்டார். அவர் பதில் சொல்லாமல் பையனைப் பார்த்து, "தம்பி, ஒத்தக் காலுல நில்லு பாப்போம்" என்றார். நின்றான். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் சாய்ந்து அப்பாவின் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சார், இப்ப எங்கிட்ட பீஸ் கட்டாதீங்க. கொஞ்ச நாள் ஷூவைக் கழட்டி மண்ணுல விடுங்க. எட்டு வயசுல கூட்டிட்டு வாங்க, நானே சேத்துக்கறேன்."

அப்பாவின் முகத்தில் ஏமாற்றம். வந்த வருமானத்தை வேண்டாம் என்கிற பயிற்சியாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது.

நீளம் தாண்டுகிற மணற்குழியில் பயிற்சி முடிந்திருந்தது. அண்ணனுக்காகக் காத்திருந்த இரண்டரை வயதுச் சிறுமி அதில் இறங்கியிருந்தாள். குழியின் விளிம்பில் ஏறுவாள், இரண்டு காலையும் சேர்த்துக் குதிப்பாள், முன்னால் விழுவாள், கையை ஊன்றி எழுவாள், மறுபடி ஏறுவாள். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் கைதட்டவும் இல்லை. ஏறக்குறைய இரண்டு வயதில் இரு காலால் குதிக்க வரும். மூன்றில் ஒற்றைக்காலில் ஒரு கணம் நிற்க வரும். நாலில் நொண்டி வரும். ஒரு காலும் மறுகாலுமாக மாற்றித் துள்ளி ஓடுவது ஐந்து, ஆறில்தான். ஒரு பிள்ளைக்கும் இன்னொன்றுக்கும் சில மாதங்கள் முன்பின்னாக இருக்கும். வரிசை பெரும்பாலும் இதுதான். தலை நிற்க வேண்டும், பிறகு முதுகு, பிறகு தோள், கடைசியில்தான் விரல். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இந்த வரிசையைக் கவனித்திருக்கிறார்கள். கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுகிற செங்கீரை, இரு கை சேர்த்துத் தட்டுகிற சப்பாணி, தளர்நடை நடந்து வருகிற வருகை என்று சில பருவங்களைப் பிரித்ததே உடம்பு எதைக் கற்றுக்கொண்டது என்பதை வைத்துத்தான்.

அரங்கத்தை விட்டு வெளியே வந்து சந்துகளுக்குள் நடந்தேன். பள்ளி விடுமுறை நாள். ஒரு சிமென்ட் தெருவில் செங்கல் துண்டால் பாண்டிக் கட்டம் போட்டிருந்தார்கள். எட்டுக் கட்டத்தில் இரண்டின் மேல் பைக் நின்றது. மீதி ஆறில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

பாண்டியை நின்று பார்த்து நாளாகிவிட்டது. பத்து வயதிருக்கும் பெண் ஓட்டுச் சில்லை மூன்றாம் கட்டத்தில் எறிந்தாள். எறிவதற்குக் கண்ணும் கையும் தூரத்தைக் கணக்குப் போட வேண்டும். பிறகு நொண்டி, சில்லு கிடக்கும் கட்டத்தைத் தாண்ட வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது. திரும்பி வரும்போது ஒற்றைக்காலில் நின்றபடியே குனிந்து சில்லை எடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை நீங்கள் இப்போது எழுந்து செய்துபாருங்கள்.

ஆட்டத்தில் அதற்கு மேல் இன்னொரு படி உண்டு. சில்லைப் புறங்காலில் வைத்துக்கொண்டு முகத்தை வானம் பார்க்க நிமிர்த்தி, கட்டம் கட்டமாக நடந்து, "ரைட்டா?" என்று கேட்பாள். சுற்றி நிற்பவர்கள் "ரைட்டு!" என்பார்கள். நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது: கண், உட்செவி, தசையும் மூட்டும். சிறுமூளை இவற்றை ஒப்பிட்டுப் பார்த்து உடம்பைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. வானம் பார்த்து நடக்கும்போது காலைப் பார்க்க முடியாது. பாதமும் செவியும் மட்டும் வைத்துச் சமாளிக்க வேண்டும். நரம்பு மருத்துவர்கள் கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லிச் சோதிப்பார்களே, அதற்கும் இதே கணக்குத்தான்.

ஆனால் நான் அங்கே அரை மணி நேரம் நின்றது அந்தப் பெண்ணுக்காக இல்லை. மூன்று, மூன்றரை வயதில் ஒரு வாண்டு கூட்டத்தில் இருந்தான். அவன் முறை வந்தால் சில்லு எங்கே விழுந்தாலும் சரி. நொண்டியில் பாதிக் கட்டத்தில் இரண்டு காலையும் வைத்துவிடுவான். கோட்டை மிதிப்பான். யாரும் அவுட்டு சொல்லவில்லை.

"அவன் ஆட்டைல கிடையாது சார், ஒப்புக்குச் சப்பாணி" என்றாள் பெரியவள்.

திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவளும் அப்படித்தான் தம்பி இருந்தா. போன வருசம் வரைக்கும் இவளைச் சேக்க மாட்டேன்னு பெரிய புள்ளைங்க சண்டை. இப்ப இவ ராச்சியம்."

இந்த ஏற்பாட்டை எந்தப் பயிற்சிக் கூடத்திலும் நான் கண்டதில்லை. சிறுவனுக்கு முறை உண்டு, தோல்வி கிடையாது. கண்முன்னே பெரியவர்கள் செய்து காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே வயதுப் பிள்ளைகளைப் பிரித்துவைத்து, விசில் ஊதி, வரிசையில் காத்திருக்கச் சொல்கிற வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற முறைகள் கொஞ்சம். இங்கே முறை வராத நேரத்திலும் அவன் ஓரத்தில் நொண்டியடித்துக்கொண்டுதான் இருந்தான்.

கட்டடம் கட்டக் கொட்டிய மணல் சந்து முனையில் கிடந்தது. இரண்டு குட்டிகள் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடினார்கள். மணலை நீளமாகக் கரைகட்டி, ஒருத்தி துரும்பை விரலிடுக்கில் பிடித்து மணலுக்குள் முன்னும் பின்னும் கொண்டுபோய் ஒளிக்கிறாள். மற்றவள் இரு கைகளையும் கோத்து ஓரிடத்தில் பொத்துகிறாள். ஒரு கை தள்ள, மறு கை அணைபோட, இரண்டும் வேறு வேறு வேலை செய்யப் பழகுகின்றன. சட்டைப் பொத்தான் போடவும் பென்சில் சீவவும் இந்தப் பழக்கம்தான் வேண்டும்.

இதைப் பழசின் மேல் உள்ள பாசத்தால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இதே ஊரிலும் அருகிலும் யோசித்துச் செய்தவர்களும் கிட்டத்தட்ட இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். அரவிந்தர் ஆசிரமப் பள்ளி 1943 டிசம்பர் 2 அன்று தொடங்கியது. அங்கே உடற்பயிற்சி படிப்புக்கு இணையான இடம் பெற்றது. தடகளம், ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல், குழு விளையாட்டு என்று ஆண்டு முழுவதும் பிள்ளைகள் மாற்றி மாற்றி எல்லாவற்றையும் செய்கிறார்கள். ஆரோவில் பள்ளிகளில் 1992-ல் தொடங்கிய 'உடல் வழி விழிப்பு' வகுப்புகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதும், சமநிலை விளையாட்டுகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு: மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 180 நிமிடம் உடல் அசைவு, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற ஆட்டம், திரை முன் உட்கார்வது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. வாரம் இருமுறை வகுப்புக்கு அனுப்பி 180 நிமிடத்தை எட்ட முடியாது. தெரு இல்லாமல் இந்தக் கணக்கு நேராகாது.

எல்லாப் பிள்ளைக்கும் விளையாட்டு ஒன்றே போதும் என்றும் சொல்ல மாட்டேன். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு உடல் ஒருங்கிணைவில் நிஜமான சிக்கல் இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேலும் நொண்டி வராமல், மாடிப்படியில் தடுமாறி, பொத்தானோடு மல்லுக்கட்டுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது கொடுமை. குழந்தை நல மருத்துவரிடம் காட்டினால் தொழில்வழி சிகிச்சைக்கு (ஆக்குபேஷனல் தெரபி) அனுப்புவார். அந்தச் சிகிச்சையிலும் பாதிக்கு மேல் விளையாட்டாகத்தான் இருக்கும்.

பெற்றோருக்குச் சொல்ல எனக்கு இரண்டே உண்டு. ஆறு வயதுக்கு முன் ஒரே விளையாட்டில் பயிற்சிக்குப் பணம் கட்டுவது வீண். பிள்ளை விழும்போது ஓடிப்போய்த் தூக்காதீர்கள், எழுந்துவிடுவான். தெருக்காரர்களுக்கு ஒன்று: தரையில் செங்கல் கோட்டைப் பார்த்தால் பைக்கைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.