டஸ்கீகியில் தோற்ற பெண்

வில்மா ருடால்ஃப் கதை நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயதில் போலியோ, காலில் இரும்புப் பட்டை, அப்புறம் 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் மூன்று தங்கம். பேச்சுப் போட்டியில் இரண்டே நிமிடத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடலாம். ஆனால் இரும்புப் பட்டைக்கும் தங்கத்துக்கும் நடுவில் ஒரு ஹைஸ்கூல் காலம் இருக்கிறது. பேச்சாளர்கள் அதை ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவார்கள். அந்தக் காலத்தில் இந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், தோற்கிறாள், அழுகிறாள். கைதட்டு வாங்கித் தரும் சமாச்சாரம் இல்லையே!

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் என்ற ஊர். 1940-ல் பிறந்தவள். அப்பாவின் இரண்டு கல்யாணங்களிலும் சேர்த்து மொத்தம் 22 பிள்ளைகள், இவள் இருபதாவது. கறுப்பர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி நாஷ்வில்லில்தான் இருந்தது, சுமார் 50 மைல் தூரம். வாராவாரம் அம்மா பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார். வீட்டில் அண்ணன், அக்காமார்கள் முறை வைத்துக் காலைப் பிடித்துவிடுவார்கள். பன்னிரண்டு வயதுக்குள் பட்டையெல்லாம் போய்விட்டது. இது வரைக்கும் எல்லோரும் சொல்லும் கதை.

அதற்குப் பிறகு பர்ட் ஹைஸ்கூலில் கூடைப்பந்து. கறுப்புப் பிள்ளைகளுக்கான பள்ளி அது. அக்கா இவான் நல்ல ஆட்டக்காரி. அவளைத்தான் கோச் கிளிண்டன் கிரே டீமுக்குக் கேட்டார். "இரண்டு பேரையும் எடுப்பதானால் அனுப்புகிறேன்" என்கிற மாதிரி அப்பா சொல்லிவிட்டார். அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த தங்கை என்றால் எப்படி இருக்கும்? பெஞ்ச்தான். சும்மா இருக்காமல் எந்நேரமும் கோச்சை நச்சரித்துக்கொண்டே இருந்ததால் அவர் வைத்த பட்டப்பெயர் 'ஸ்கீட்டர்', அதாவது கொசு.

கொசுவுக்குக் கடைசியில் வாய்ப்பு கிடைத்தது. ஒரே சீசனில் 803 புள்ளிகள், மாநில ரெக்கார்டு. மாநிலப் போட்டிகளில் ரெஃப்ரியாக இருந்தவர் எட் டெம்பிள். டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகப் பெண்கள் ஓட்ட அணியின் கோச். ரெஃப்ரி வேலை பார்த்துக்கொண்டே நெட்டைக்கால் பெண்களின் ஓட்டத்தையும் பார்த்துவைத்துக்கொள்ளும் மனிதர். பலே ஆள்!

பள்ளியில் ஓட்டப்பந்தயமும் இருந்தது. ஆனால் கூடைப்பந்து சீசன் முடிந்த பிறகு பொழுதுபோக்கு மாதிரிதான். முறையான ஓடுதளம் கிடையாது. ஸ்டார்ட் எடுப்பது எப்படி, மூச்சு விடுவது எப்படி என்று பாடம் கிடையாது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளோடு ஓடினால் வில்மாதான் முதல். ஓடினால் ஜெயிப்போம், அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டாள். அந்த வயதில் வேறென்ன நினைக்கத் தோன்றும்?

இப்படி இருக்கும்போதுதான் அலபாமாவில் இருக்கும் டஸ்கீகிக்குப் போட்டிக்குப் போனாள். அது சாதாரண இடமில்லை. 1948-ல் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கி, ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண்ணான ஆலிஸ் கோச்மேன் படித்துப் பயிற்சி எடுத்த இடம். தெற்கு மாநிலங்கள் பலவற்றிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். குறிப்பாக ஜார்ஜியாப் பெண்கள். அவர்கள் ஊர் வெயிலுக்கு வருடத்தில் பெரும்பாலான நாள் வெளியே ஓடலாம். சரியான பயிற்சியும் உண்டு.

வில்மா கலந்துகொண்ட எல்லா ஓட்டங்களிலும் தோற்றாள். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

பின்னாளில் தன் வரலாற்றை எழுதும்போது இதை அவர் மறைக்கவில்லை. அப்படியே நொறுங்கிப்போனதாகவும் அழுததாகவும் எழுதியிருக்கிறார். போலியோவை ஜெயித்த பெண்ணுக்கு ஒரு பள்ளிப் போட்டி பெரிய விஷயமா என்று தோன்றலாம். பெரிய விஷயம்தான். போலியோவில் எதிரே ஆள் கிடையாது. இங்கே பக்கத்து லேனில் இருப்பவளின் முதுகு கண்ணுக்கு நேரே தெரியும். 'நமக்கு இருப்பது இவ்வளவுதானோ' என்று ஒரு நினைப்பு வந்துவிட்டால் அடுத்த தடவை துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே வயிற்றைக் கலக்கும்.

இந்த இடத்தில் 'மனஉறுதியோடு எழுந்தாள்' என்று எழுதுவது ஈசி. நடந்தது அதைவிடச் சாதாரணமானது. அவள் ஓடக் கற்றுக்கொண்டாள். கோடை விடுமுறையில் டெம்பிளின் பயிற்சி முகாம். கிட்டத்தட்ட ஆறடி உயரம் என்பதால் குனிந்து நிமிர்ந்து கிளம்புவதற்குள் மற்றவர்கள் போய்விடுவார்கள். அந்த ஸ்டார்ட்டைச் சரி செய்ய வேண்டியிருந்தது. உடம்பை இறுக்கிக்கொள்ளாமல் தளர்வாக ஓடவும், மூச்சைச் சீராக விடவும் பழகினாள். பயத்தில் முதலில் இறுகுவது கைவிரல்தான், அப்புறம் தோள். தோள் இறுகினால் வேகம் போச்சு. ஆக, தளர்வாக ஓடப் பழகுவதே பாதிப் பயத்துக்கு மருந்து.

மீதிப் பாதிக்கு மருந்து ஒரு ஆள். பெயர் மே ஃபேக்ஸ். அதே டென்னசி ஸ்டேட் அணியின் சீனியர். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குத் தானும் 16 வயதில் போனவர். 1952-ல் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். பெரிய அக்காக்களை முந்தினால் ஒதுக்கிவிடுவார்களோ என்று வில்மா தயங்கித் தயங்கி ஓடுவதை இவர் கண்டுபிடித்துவிட்டார். 1956 ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்தில் வில்மாவிடம் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒலிம்பிக் டீமில் இடம் வேண்டுமா, என்னோடு ஒட்டிக்கொண்டு ஓடு, மற்றதை நினைக்காதே. தன் இடத்துக்கே போட்டியாக வரும் சின்னப்பெண்ணிடம் இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? 200 மீட்டரில் இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். இரண்டு பேருக்கும் மெல்போர்ன் டிக்கெட்.

மெல்போர்னிலாவது எல்லாம் சரியாகிவிட்டதா? அதுதான் இல்லை :-) 200 மீட்டர் முதல் சுற்றிலேயே அவுட். ஹீட்டில் மூன்றாவதாக வந்தாள், அடுத்த சுற்றுக்கு அது போதவில்லை. ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட் 18 வயதில் 100, 200, தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வாங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டிய நிலை. நல்லவேளையாக 4x100 மீட்டர் தொடர் ஓட்டம் பாக்கி இருந்தது. மே ஃபேக்ஸ், மார்கரெட் மாத்யூஸ், வில்மா, இசபெல் டேனியல்ஸ். நாலு பேரும் டெம்பிளிடம் பயிற்சி எடுத்தவர்கள். வில்மாவுக்கு மூன்றாவது கட்டம். வெண்கலம் கிடைத்தது.

ஊருக்கு வந்ததும் பர்ட் ஹைஸ்கூலில் வரவேற்பு. பதக்கம் கைமாறிக் கைமாறி வகுப்பு முழுக்கச் சுற்றியதில் ஒரே விரல்ரேகை. துடைத்துப் பளபளப்பாக்கலாம் என்று பார்த்தாளாம். வெண்கலம் பளபளக்க மாட்டேன் என்றுவிட்டது. அப்போதுதான் தங்கத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்தாளாம். இதைச் சொன்னது அவரே. கொஞ்சம் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார் என்று தோன்றுகிறது.

பள்ளியின் கடைசி வருடத்தில் இன்னொரு அடி. கர்ப்பம். ஓட்டமெல்லாம் நின்றது. 1958-ல் பெண் குழந்தை பிறந்தது. தாயானவர்களை டீமில் சேர்ப்பதில்லை என்பது டெம்பிளின் விதி. இவளுக்காக அந்த விதியைத் தள்ளிவைத்தார். குழந்தையை வீட்டார் பார்த்துக்கொண்டதால் காலேஜுக்குப் போக முடிந்தது. பேச்சுப் போட்டியில் இந்தப் பகுதியை யாரும் சொல்வதே இல்லை. சொன்னால் என்ன?

ரோமுக்கு வரும்போது வயது 20. இனி 'அவர்' என்றே எழுதலாம், மரியாதை! 100 மீட்டர் ஓட்டத்துக்கு முதல் நாள் புல்வெளியில் ஒரு பள்ளத்தில் கால் வைத்துக் கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப்போட்டுக்கொண்டு ஓடினார். இறுதிப் போட்டியில் 11.0 வினாடி, பின்காற்று அளவு மீறியதால் உலக சாதனையாகக் கணக்கில் வரவில்லை. இறுதிக்கு முந்தைய இடைவெளியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? படுத்துத் தூங்கிவிட்டார்! டஸ்கீகியிலிருந்து அழுதுகொண்டே திரும்பிய அதே பெண். 200 மீட்டரிலும் தங்கம். தொடர் ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் குச்சி கைமாறும்போது தடுமாற்றம், கிட்டத்தட்டப் போச்சு. பதறவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டு துரத்தினார். 44.5 வினாடி, மூன்றாவது தங்கம்.

கிளார்க்ஸ்வில் ஊர்வலத்துக்கு ஏற்பாடு செய்தது. கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து உட்கார வைத்தால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1960 அக்டோபரில் அந்த ஊரில் முதல் தடவையாக இரண்டு தரப்பும் ஒன்றாகக் கூடின. 1963-ல் பட்டம் வாங்கிய பிறகு ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் வேலை, கூடவே பர்ட் ஹைஸ்கூல் பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி. தோற்றுவிட்டு அழுதுகொண்டு வரும் பெண்களிடம் அவர் என்ன சொல்லியிருப்பார்?